வைக்கோல் லோடும் ஒரு கையெழுத்தும்

பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருமுனை மின்கம்பத்தில் போன மாதம் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். பேருந்து நிறுத்தத்தை எங்கே மாற்றலாம் என்று பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம். தாளின் நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு கறுப்புச் சதுரம். அதைப் போனில் காட்டினால் போதும். காட்டினேன். பெயர் கேட்டது, நம்பர் கேட்டது, கடைசியில் ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருகிறீர்கள் என்று கேட்டது. இன்னும் வராத நிறுத்தத்துக்கு எத்தனை கொடுப்பது? மூன்று கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இதைப் பழைய அலுவலக வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் சிரிக்கிற பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். ஒருவர் மட்டும், "உங்க காலத்துல எப்படி சார் கருத்துக் கேட்டீங்க?" என்று கேட்டிருந்தார். கட்டை விரலால் தட்டிச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை அது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் சாலை போடுகிற அலுவலகத்தில் வரைவாளனாக இருந்தவன். போகிற ஊரில் எல்லாம் எனக்கு 'டிராயிங் சாரு' என்றுதான் பெயர். போடி பஜாரில் அப்பாவுக்குப் பாத்திரக்கடை. கடையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து பாலிடெக்னிக் போனேன். டிரேசிங் பேப்பரில் மையைக் கொட்டிக் கொட்டித் திட்டு வாங்கினேன். கோடு கோடாக வருவதற்கே சில வருடம் ஆயிற்று. கை நன்றாகப் பழகிய நேரம் பார்த்து கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தது. என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான்.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று அப்போதும் உண்டு. ஒரு நோட்டீஸ் அடித்து, யாரும் நின்று படிக்காத ஒரு பலகையில் ஒட்டுவோம். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். நாற்று நடுகிற நாளா, அறுப்பு நாளா என்றெல்லாம் யார் பார்த்தது? மூன்று பேர் வருவார்கள். அதில் ஒருவர் முதியோர் பென்ஷன் விஷயமாக வந்தவராக இருப்பார். இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 'பொதுமக்கள் திட்டத்தை வரவேற்றனர்' என்ற நடவடிக்கைக் குறிப்பை முந்தின நாளே நான் அடித்து வைத்துவிடுவேன். கூட்டம் முடிந்ததும் தேதியை மட்டும் போட்டால் போதும். அதைத் தப்பு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, எனக்கும் அப்படித் தோன்றியதில்லை.

நல்லதம்பி சார் உதவிக் கோட்டப் பொறியாளராக வந்த பிறகுதான் அந்தப் பிழைப்பில் மண் விழுந்தது. திண்டுக்கல்காரர். ஒல்லியான ஆள், குரல் அதைவிட ஒல்லி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு இரும்பு டேப் இருக்கும். அந்தக் கனத்துக்குச் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். வந்த முதல் வாரம் என் குறிப்பைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார்.

"ஜெபராஜ், இந்தப் பொதுமக்கள்ங்கறவர் எங்க இருக்கார்?"

"சார்?"

"பொதுமக்கள் வரவேற்றனர்னு போட்டிருக்கீங்களே. அவர் பேர் என்ன, எந்தத் தெரு? எனக்கு அவர ஒருதடவை பார்க்கணும்."

நான் தலையைச் சொறிந்தேன். அவர் குறிப்பை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் மறந்துபோயிருப்பேன்.

அவர் கூட்டம் நடத்துகிற விதம் வேறு. படத்தை மேசையில் விரித்தால் ஊர்க்காரர்களுக்குப் புரியாது என்பார். அதனால் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே, ரோடு வரப்போகிற அகலத்துக்கு நிலத்திலேயே சுண்ணாம்புப் பொடியில் கோடு போடச் சொல்வார். அவரவர் வயலில் நின்று, அவரவர் வரப்பு எங்கே அடிபடுகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். அனுமந்தன்பட்டிப் பக்கம் முதல்முறை அப்படிப் போட்டபோது, மறுநாள் காலை ஒருவர் இரண்டு காளைகளோடு வந்து நின்றுவிட்டார். "கோடு போட்டுருக்காகன்னு சொன்னாக. வண்டிப் பந்தயம் பெரிய மாட்டுக்கா, சின்ன மாட்டுக்கா?" என்று கேட்டார். ரோடு அளக்கிறோம் என்று சொன்னதும் அந்த மனிதருக்கு முகம் செத்துவிட்டது. சார் அவரையே உட்கார வைத்து, மாட்டு வண்டிகள் எந்தப் பக்கம் போய் வரும் என்று அரைமணி நேரம் கேட்டு எழுதிக்கொண்டார்.

எழுதுவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். ஒருவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவார். பிறகு சத்தமாகப் படித்துக்காட்டி, "நீங்க சொன்னது இதுதானா?" என்பார். இல்லை என்றால் அடித்துவிட்டு மறுபடி எழுதுவார். சில பேர் மூன்று தடவை மாற்றுவார்கள். எனக்கு வயிறு பசிக்கும். அவருக்குப் பசிக்காது.

இனி அந்த ஊர் விஷயத்துக்கு வருகிறேன். உத்தமபாளையத்துக்கும் ராயப்பன்பட்டிக்கும் நடுவில் உள்ள ஊர். பெயர் வேண்டாம். ஊருக்குக் கிழக்கே வயல்வெளி. ஊருக்கும் வயலுக்கும் நடுவில் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு மேடு போட்டு அதன்மேல் ஒரு புறவழிச்சாலை வரப்போகிறது. ஊர் வண்டிகள் அந்த மேட்டுக்கு அடியில் நுழைந்து வயலுக்குப் போக ஒரு சப்வே. அதை வரைந்தவன் நான். உயரம் மூன்று மீட்டர். ஏன் மூன்று என்று கேட்டால், அதற்கு முந்தைய வேலையில் மூன்று போட்டிருந்தேன், அதையே எடுத்து ஒட்டினேன் என்பதுதான் பதில்.

சார் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைத்தார். காலைப் பூசை முடிந்து சனம் அப்படியே மாதா கோயில் பக்கத்துப் பள்ளிக் கொட்டகைக்கு வந்துவிட்டது. கொட்டகை கொள்ளவில்லை. நான் படத்தை விரித்து, நான்கு வழி, புறவழி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசையில் ஒரு அக்கா எழுந்தார். சவரியம்மா. எட்டுக் கறவை மாடு வைத்திருப்பவர். வீட்டுக்காரர் டிராக்டர் ஓட்டுகிறார்.

"சாரு, அதெல்லாம் இருக்கட்டும். எங்க மாட்டுக்கு வைக்கலு எந்த வழியா வரும்?"

"இந்த சப்வே வழியாத்தான் அக்கா."

"வைக்கலு லோடு எம்புட்டு ஒசரம்னு தெரியுமா ஒங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. சாரைப் பார்த்தேன். சார், "எனக்கும் தெரியாதும்மா. ஒரு லோடு வருமா இப்ப?" என்றார்.

இரண்டாம் போக அறுப்பு முடிந்த சமயம். அரைமணி நேரத்தில் சவரியம்மாவின் வீட்டுக்காரர் நாலா பக்கமும் வைக்கோல் பிதுங்க டிராக்டரைக் கொண்டுவந்து கொட்டகை முன்னால் நிறுத்தினார். லெவல் பார்க்கிற அளவுகோலை எடுத்து நிமிர்த்தினேன். முழுசாக இழுத்தால் நான்கு மீட்டர். லோடு அதையும் தாண்டி நின்றது. சார் செருப்பைக் கழற்றிவிட்டு டிராக்டர் பெட்டியில் ஏறி, வைக்கோலைப் பிடித்துக்கொண்டே மேலே போய், உச்சியிலிருந்து டேப்பைக் கீழே விட்டார். கீழே நான் பிடித்தேன். நாலு மீட்டர் இருபது. ஊர் மொத்தமும் சுற்றி நின்று பார்த்தது.

"இதுக்கு மேல ஏத்துவீங்களா?" என்று மேலே இருந்தபடியே கேட்டார் சார்.

"நல்ல வெளச்சல்னா இன்னும் ஒரு மொழம் ஏத்துவேன் சார்" என்றார் வீட்டுக்காரர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"உள்ளதச் சொல்லுங்க" என்றார் சவரியம்மா. "அப்படி ஏத்தித்தான போன வருசம் வாய்க்காலுக்குள்ள கவுத்துட்டு வந்தீக!"

ஊரே சிரித்தது. சாரும் சிரித்துக்கொண்டே இறங்கினார், தலையெல்லாம் வைக்கோல். என் மூன்று மீட்டர் சப்வேயில் அந்த லோடு நுழையவே நுழையாது. நுழையாவிட்டால், பஸ்ஸும் லாரியும் பறக்கிற மேட்டுச் சாலையில் ஏறி ஆறு கிலோமீட்டர் சுற்றித்தான் வைக்கோலும் நெல்லும் வீட்டுக்கு வர வேண்டும். என் மேசையில் அது ஒரு எண்ணாகத்தான் இருந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அப்படியே ஒவ்வொருவராக, மொத்தம் பதினோரு விஷயம் சொன்னார்கள். மூன்று மணி நேரம் ஆனது. கடைசியில் நான் வருகைப் பதிவுத் தாளை நீட்டினேன். வரிசை எண், பெயர், முகவரி, கையொப்பம். கொட்டகையில் இருந்த சனம் அப்படியே இரண்டு எட்டுப் பின்னால் நகர்ந்தது.

"கையெழுத்து மட்டும் கேக்காதீக சாரு" என்றார் சவரியம்மா.

காரணம் இருந்தது. சில வருடங்களுக்கு முன் யாரோ நாலு பேர் வந்து, ஏதோ திட்டத்தில் பெயர் சேர்க்கிறோம் என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிப் போனார்களாம். பிற்பாடு பார்த்தால், பக்கத்துக் கரட்டுக் குன்றில் கல்குவாரி வைக்க ஊர் சம்மதித்தது என்று அந்தத் தாள் போய் நின்றதாம். அன்றிலிருந்து வெளியாள் கொண்டுவருகிற எந்தத் தாளிலும் கையெழுத்து இல்லை என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. சோறு சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், கையெழுத்து மட்டும் போட மாட்டார்களாம்.

வெளியிலிருந்து படிக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். விதிப்படி, கையெழுத்து இல்லை என்றால் ஆள் வரவில்லை. ஆள் வரவில்லை என்றால் ஆட்சேபணை இல்லை. படிவத்தில் 'கலந்துகொண்டோர் எவருமில்லை' என்று எழுத வேண்டியதுதான். மூன்று மீட்டர் மூன்று மீட்டராகவே நிற்கும்.

சார் கொஞ்ச நேரம் டேப்பை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார். பிறகு கேட்டார்: "சரி, நான் கொண்டுவந்த தாள் வேண்டாம். உங்க நோட்டு ஏதாவது இருக்கா?"

கோயிலில் பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்புக்கு வைத்திருந்த புது நோட்டு ஒன்று வந்தது. சார் அதில் பதினோரு விஷயத்தையும் அவரவர் வார்த்தையிலேயே எழுதினார். படித்துக்காட்டினார். அடித்தார், திருத்தினார். கடைசியில், 'இவற்றை இந்த ஊர்க் கூட்டத்தில் நேரில் கேட்டேன். வைக்கோல் லோடை அளந்தேன்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்து இரண்டு சுழியும் ஒரு இழுப்பும்தான். அதற்கு அடியில் பதவியை எழுதினார்.

"நீங்க போட வேண்டாம். நான் போட்டுட்டேன். நோட்டு உங்ககிட்டயே இருக்கட்டும். நகல் மட்டும் எனக்கு வேணும்."

பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார். "சாட்சிக்கு ஜெபராஜ்."

நான் வாங்கவில்லை. அதிகாரி ஊர்க்காரர் நோட்டில் கையெழுத்துப் போடுவதா? நாளைக்கு எவனாவது கேட்டால்? எனக்குப் பதவி உயர்வு வருகிற நேரம். மகளுக்கு நர்சிங் படிப்பு. "படத்தச் சுருட்டிர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது ஜீப்பில் வேறு என்னென்னவோ பேசினார், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை.

சப்வே உயரம் நாலரை மீட்டர் என்று படத்தை மாற்றி, நோட்டின் நகலோடு மேலே அனுப்பினோம். செலவு கூடும் அல்லவா, ஏன் என்று கேட்டார்கள். அதற்குள் யாரோ ஒரு மொட்டைப் பெட்டிஷனும் போட்டுவிட்டார்கள். கூட்டமே நடக்கவில்லை, காண்டிராக்டருக்கு லாபம் வர இவராகவே எழுதிக்கொண்டார் என்று. சாருக்கு மெமோ வந்தது. அவர் ஓய்வு பெற ஆறே மாதம் இருந்தது. விசாரணை நிலுவையில் இருந்தால் வழியனுப்பு மாலையும் கிடையாது, பென்ஷனும் ஒழுங்காக வராது. முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மனிதர், பொய்க் கூட்டம் நடத்தியவர் என்ற பேரோடு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏற வேண்டும்.

மெமோவில் ஒரு கேள்வி: 'உடனிருந்த வரைவாளர் சாட்சிக் கையொப்பம் இடாதது ஏன்?' அதற்குச் சார் எழுதிய பதிலின் நகல் என் மேசை வழியாகத்தான் கோப்புக்குப் போனது. 'அவர் அச்சமயம் வரைபடங்களைச் சுருட்டி வைக்கும் பணியில் இருந்தார்.'

அதைப் படித்தபோது எனக்கு வந்த அழுகையை மறைக்கக் கழிவறைக்குப் போனேன். அன்று மதியமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன்.

சவரியம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு நாங்க ஒரு கையெழுத்தப் போட்டுருந்தா அந்த மனுசனுக்கு இது வந்துருக்காது, அப்படித்தான?"

"நான் போட்டிருந்தாலும் வந்திருக்காது அக்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னைக்கு விசாரணை?"

விசாரணை தேனியில், எங்கள் அலுவலக மாடியில். மதுரையிலிருந்து அதிகாரி வந்திருந்தார். காலை பத்தரைக்குப் பார்த்தால், ஊர்ச்சனம் படியெல்லாம் நிற்கிறது. வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள். சாரும் நானும் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தே கிடந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"முதல்ல எல்லாரும் இந்தத் தாள்ல கையெழுத்துப் போடுங்க" என்றார் அதிகாரி.

"அது மட்டும் முடியாதுங்க" என்றார் சவரியம்மா. "வாயால சொல்றோம், நீங்க எழுதிக்கங்க. எழுதி நீங்களே கையெழுத்துப் போட்ருங்க. அந்த சாரு அப்படித்தான் செஞ்சாக."

அதிகாரி சத்தம் போட்டார். யாரும் கோபப்படவும் இல்லை, நகரவும் இல்லை. கடைசியில் அவரே பேனாவை எடுத்தார். ஒவ்வொருவராகப் போய், இன்னார் மகன் இன்னார், அன்றைக்கு நான் இதைச் சொன்னேன் என்று சொல்லச் சொல்ல, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்தார். நோட்டைக் கேட்டார். கையில் கொடுத்துவிட்டு, அவர் பார்த்து முடிக்கும் வரை சவரியம்மா மேசையை விட்டு நகரவில்லையாம்.

"இவ்வளவு பேர் வந்திருக்கீங்களே, அந்த அதிகாரி உங்களுக்கு என்ன வேணும்? சொந்தமா, பழக்கமா?"

"ஒண்ணுமில்லங்க."

"அவர் பேர் என்ன?"

பிறகு சவரியம்மாவின் குரல், பின்னால் நிற்பவர்களைப் பார்த்து: "ஏப்பா, டேப்பு சாரு பேரு யாருக்காச்சும் தெரியுமா?"

ஒருவருக்கும் தெரியவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த நல்லதம்பி சார் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஒரு தாளைத் தூக்கி, முதலில் சாருடைய பதிலைப் படித்தார். "நீங்க படம் சுருட்டிக்கிட்டிருந்ததா அவர் எழுதியிருக்கார்." இன்னொரு தாளை எடுத்தார். "'டிராயிங் சாரும் எங்கள மாதிரிதான். கையெழுத்துன்னதும் பயந்துட்டாக' அப்படின்னு இந்த அம்மா சொல்றாங்க. எது சரி?"

சவரியம்மா அங்கேயே நின்றார். அவர் முகத்தில் குத்திக்காட்டுகிற எண்ணம் கொஞ்சமும் இல்லை. என்னையும் தங்கள் கூட்டத்தில் சேர்த்துக்கொண்ட மாதிரிதான் பார்த்தார்.

"ரெண்டும் சரி சார்" என்றேன். "பயந்துபோய்ச் சுருட்டிக்கிட்டிருந்தேன்."

"அப்ப கூட்டம் நடந்தது?"

"நடந்தது சார். லோடை அளந்தப்ப டேப்போட கீழ்முனையைப் பிடிச்சது நான்தான்."

"இத எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

எழுதினேன். போட்டேன். அன்று அந்த மேசையில் இருந்த அத்தனை தாளிலும், சாட்சி சொன்ன ஆள் தன் கையால் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

மெமோ கைவிடப்பட்டதும், நாலரை மீட்டர் சப்வே வந்ததும், சார் மாலையோடு ஊருக்குப் போனதும் அதற்குப் பிறகு நடந்தவை. எனக்குப் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. கடமை தவறியதாக ஒப்புக்கொண்டேன் அல்லவா, அதற்காக. அது நியாயம்தான்.

அன்று நான் வராந்தாவுக்கு வந்தபோது சார் பெஞ்சில் அப்படியே இருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

"போட்டாச்சா?"

"போட்டுட்டேன் சார்."

"கை நடுங்குச்சா?"

"நடுங்குச்சு சார்."

"எனக்கும் அன்னைக்கு அந்த நோட்டுல போடும்போது நடுங்குச்சுய்யா" என்றார். "நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. அந்தப் பக்கம் திரும்பி நின்னீங்க."